தபால்கார ஆட்டின் முட்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று, ராபர்ட்சன்பேட்டை மாதா கோயில் மணி அடிக்கிற இந்த நேரத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிழக்கே பார்த்துச் சத்தியம் செய்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் பங்குச் சாமியாரிடம் என்னைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம். ஒரு குறையும் சொல்ல மாட்டார். போன மாதம்தான் மாற்றலாகி வந்திருக்கிறார்.

என் பெயர் ஆரோக்கியசாமி. தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன். சுரங்கத்துக்கு வெளியே எனக்குத் தெரிந்த ஒரே தொழில், கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு, மாடு, கழுதை வரைந்து அட்டையில் வெட்டி நிறுத்துவது. அது வருஷத்தில் ஒரு வாரத்துக்குத் தாங்கும். மீதி வாரங்களுக்கு என் மனைவி பவுலினின் தம்பி இருதயராஜ் ஓர் ஏற்பாடு வைத்திருந்தான். ராபர்ட்சன்பேட்டையில் அவனுக்கு மாவு மில் இருக்கிறது. மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல். "மாமா, உனக்குன்னு தொடச்சி வெச்சிக்கீறேன்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான். அந்த ஸ்டூலில் காலையில் உட்காருகிறவன் சாயங்காலம் எழுந்திருக்கும்போது அவனுடைய புருவம்கூட வெள்ளையாகிவிடும். எனக்கு அதில் உட்கார இஷ்டமில்லை. இந்தக் கதையில் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். நடுவில் ஆடு, தையல்காரர், வெளிநாட்டுக்காரன் என்று யார் வந்தாலும் அந்த ஸ்டூலை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

நடந்தது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். எங்கள் மாரிக்குப்பத்துப் பெண் ஜோசஃபின், பெங்களூரில் மல்லேஸ்வரத்தில், காப்பிப்பொடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் சூப்பர்வைசராக இருந்தாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அங்கே பிள்ளைகளுக்கான தொடர் ஒன்றை வரையக் கொடுத்திருந்தது. கதாநாயகன் ஓர் ஆடு. அது தபால்காரர். ஆட்டின் கையில் கடிதத்தைக் கொடுத்தனுப்பும் நாட்டைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஜோசஃபினுக்கு, சின்ன வயதில் குடிலில் பார்த்த, மண்டியிட்டுக் கும்பிடும் என் கழுதை ஞாபகம் வந்திருக்கிறது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். மூன்று மாதம் பார்ப்பார்கள். அதற்குள் ஆடு நடக்கும் நடையை நான் வரைந்து, அது வெளிநாட்டில் பாஸாகிவிட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஸ்டூல்.

அவர்கள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஆடு இரண்டு காலில் நிற்க வேண்டும், பேன்ட் போட வேண்டும், பை மாட்ட வேண்டும், தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்ல வேண்டும். ஆனால் எலும்பு ஆட்டெலும்பாகவும், முடி ஆட்டுமுடியாகவும் இருக்க வேண்டும். பார்க்கிறவன், இப்படி ஒரு பிராணி எங்கள் தெருவிலும் இருந்திருக்கலாமே என்று நினைக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு தபால்காரரை வரைந்து அவர் கழுத்துக்கு மேல் ஆட்டுத்தலையை வைத்து அனுப்பினேன். மறுநாள் காலை ஃபேக்ஸ் வந்தது. ஜோசஃபின் படித்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தமிழில் சொன்னாள். சர்க்கரையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் விஷயம் இதுதான்: இது ஆடு இல்லை, ஆட்டு முகமூடி மாட்டிக்கொண்ட ஆள், போலீஸைக் கூப்பிட வேண்டிய படம்.

சரி என்று, ஆட்டின் பின்னங்காலை அப்படியே வரைந்து நிமிர்த்தி நிறுத்தினேன். ஆடு பின்பக்கமாக விழுகிறது என்று ஃபேக்ஸ் வந்தது. படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். விழத்தான் செய்தது.

இதில் உள்ள தகராறு என்னவென்றால், ஆட்டுக்குப் பின்பக்கமாக மடங்குகிற ஒன்றை நாம் முட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது குதிகால். ஆடு பிறந்ததிலிருந்து சாகும்வரை கால் விரல் நுனியில் நிற்கிறது. அசல் முட்டி மேலே, வயிற்றை ஒட்டி, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து மாதிரி தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பேன்ட் மாட்டினால் முட்டி பாக்கெட்டில் வரும். முட்டி வர வேண்டிய இடத்தில் குதிகால் வரும். பேன்ட் போட்ட ஆடு உட்காருவதை வரையப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், சுரங்கத்தில் வேலை எவ்வளவு சுகம் என்று.

அதோடு போகவில்லை. ஆட்டுக்குத் தோள்பட்டையிலிருந்து கழுத்துக்கு வருகிற காறை எலும்பு கிடையாது. அதனால் அதன் கை முன்னும் பின்னும் போகுமே தவிர, நம் கை மாதிரி பக்கவாட்டில் விரியாது. விரியாத கையால் தொப்பியை எப்படித் தூக்குவது, பையை எப்படி மாட்டுவது? காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு என் காறை எலும்பையே தடவித் தடவிப் பார்த்தபடி கையை ஆட்டுவேன். ஒரு நாள் எதிரில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நெஞ்சுவலி என்று நினைத்து, பங்காரப்பேட்டையில் இறக்கி சோடா வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஸ்டுடியோவுக்கு மத்தியானம்தான் போனேன்.

பிறகு முடி. எலும்பு வராத கோபத்தில், முடியிலாவது பெயர் வாங்குவோம் என்று ஒவ்வொரு முடியாகப் போட்டேன். மூக்கிலிருந்து பின்னோக்கிப் படியும் முடி, காலில் கீழ்நோக்கி இறங்கும் முடி, விலாவில் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சுழி. குடிலுக்கு வரைந்திருந்தால் குழந்தை இயேசுவே எழுந்து வந்து தடவிக் கொடுத்திருப்பார். ஆனால் இது நகரும் படம். நான் தொடக்கத்துக்கு ஓர் ஆடும் முடிவுக்கு ஓர் ஆடும் வரைந்தால், நடுவிலே வரும் ஆடுகளை எல்லாம் வரைய வேண்டியவன் தர்மபுரிக்காரன் இளங்கோவன். அவன் என் படத்தைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தான்.

"அங்கிள், ஒரு செகண்டுக்குப் பன்னெண்டு ஆடு. அத்தனைக்கும் முடி நட்டுட்டு வீட்டுக்குப் போனா, என் தலையில ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அப்போதே அதிகம் இல்லை. இருந்தாலும் நட்டான். ஓட்டிப் பார்த்தோம். ஒரு படத்தில் இருந்த முடி அடுத்த படத்தில் அதே இடத்தில் இல்லாததால், ஆட்டின் உடம்பு முழுக்க ரசம் கொதிப்பது போல நுரைத்தது. ஸ்டுடியோ முதலாளி வெங்கடசுப்ரமணியன் பரம்பரை பரம்பரையாக மல்லேஸ்வரத்துக்காரர், நல்ல மனிதர். ஓரமாக நின்று பார்த்தவர், "என்ன சார், ஆட்டு மேல எறும்பு மொய்க்கறதா?" என்று விசாரித்தார். அந்தச் சமயம் பார்த்து இருதயராஜ் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டான். ஸ்டூலுக்குப் புதுசாகக் குஷன் தைத்திருக்கிறானாம்.

மறுநாள் மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்த ஓர் ஆட்டைப் பார்த்தேன். பழுப்பு நிறம், வெள்ளைத் தாடி, கண்ணில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பார்வை. யாருடையது என்று கேட்டதற்கு ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். தோலைக் காட்டிக்கொண்டே நடந்தேன். அது என் பின்னாலேயே வந்து, காப்பிப்பொடிக் கடை வாசலில் நின்று ஒரு முறை மூச்சை இழுத்து ருசித்துவிட்டு, மாடிப்படி ஏறியது. முதலாளி பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்து நாள் முழுக்க வரைந்தேன். சாயங்காலம் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் மேஜை காலி. ஆடு மென்றுகொண்டிருந்தது. ஒரே ஒரு தாள் மட்டும் கீழே கிடந்தது, வெறும் காலை மட்டும் வரைந்த தாள். அனுப்ப வேறு எதுவும் இல்லாததால் ஜோசஃபின் அதையே அனுப்பினாள். காலையில் ஃபேக்ஸ் வந்தது: கால் சரி.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த தாள்கட்டையும் தின்றது. முடியை உடம்பெல்லாம் போடாமல், கன்னத்தில், முழங்கையில், தொடைக்குப் பின்னால், வாலுக்கடியில், அதாவது உடம்பு மடங்குகிற இடங்களில் மட்டும் நாலு நாலு கற்றையாகச் சிலிர்க்கவிட்ட ஒரு தாளை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஃபேக்ஸ் வந்தது: முடி சரி. இளங்கோவன் ஆட்டின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

அப்புறம் சோதனை வைத்தேன். காறை எலும்பு இல்லாத ஆடுகளுக்கு நடுவே, காறை எலும்போடு கையை விரித்துக்கொண்டு நிற்கும் ஒன்றைச் செருகி வைத்தேன். ஆடு தாள்கட்டை மூக்கால் புரட்டி, அதை மட்டும் உருவி எடுத்துத் தின்றது. தொப்பியைக் கையால் தூக்காமல், தலையைக் கைக்குக் கொண்டுபோய்த் தொப்பியைத் தொடும் படத்தை மிச்சம் வைத்தது. அதுவும் பாஸ்.

இதெல்லாம் சந்தோஷமான செய்தி என்று நீங்கள் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. மனிதன் வேண்டாம் என்று சொன்னால் அவனோடு வாதாடலாம், படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டிப் பரிதாபம் சம்பாதிக்கலாம். ஆடு வேண்டாம் என்று சொன்னால் காட்டுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. காலையிலிருந்து வளைந்து வளைந்து வரைந்தது எல்லாம் மத்தியானம் அதன் தாடைக்குள் பக்கவாட்டில் அசைந்துகொண்டிருக்கும். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே மெல்லும். முதலாளிக்கோ அதன்மேல் மரியாதை ஏறிக்கொண்டே போயிற்று. வேறு யாரோ கொடுத்த பிஸ்கட் விளம்பரப் படத்தையும் அதன் முன்னால் வைத்துப் பார்த்தார். பாதி தின்றுவிட்டு மீதியைத் துப்பியது. அந்த விளம்பரத்தைக் கொடுத்தவர்களும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பேன்ட் விஷயம் இருந்தது. துணி எங்கே மடிகிறது என்று பார்க்காமல் வரைய முடியாது. சம்பிகே ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த தையல்காரரிடம் ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எதையும் கேட்கவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார், இடுப்பு அளந்தார், குனிந்தார், இரண்டு முறை மேலும் கீழும் தடவினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மொணகால் எல்லி சார்?" என்றார். முட்டி எங்கே என்று நான் இரண்டு மாதமாக ஆண்டவனைக் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் என்னிடம் கேட்டார். பாக்கெட் கிட்டே என்றேன். அப்படியானால் பாக்கெட்டைப் பின்னால் வைத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தார். வாலுக்கு ஓட்டை, அதற்கு ஒரு பட்டன்.

மரக்கிளையைப் பிடிக்க எழும்பும் ஆடு எப்படியும் இரண்டு காலில் நிற்கும். எங்கள் ஆடு, பேன்ட் போட்டதும், நாலு காலுக்கு இறங்குவது மரியாதை இல்லை என்று நினைத்ததோ என்னவோ, அப்படியே நடந்தது. கோயிலிலிருந்து வந்த அம்மாள்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்குக் காலோ வலிக்கிறது, இரண்டு ஸ்டாப்தானே என்று பஸ் ஏறினோம். கண்டக்டர் எனக்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று டிக்கெட் கிழித்தார். அது தன் டிக்கெட்டைத் தின்றுவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் ஏறினார்கள். அபராதம் நான்தான் கட்டினேன்.

இப்படியாகக் கடைசி வாரம் வந்தது. நடை முழுவதையும் வரைந்து முடித்தேன். தபால்கார ஆடு கேட்டைத் திறந்து, படியேறி, ஒரு வீட்டுக்குள் போய்க் கடிதம் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குள் போகிறது. தாள்கட்டை ஆட்டின் முன்னால் வைத்தோம். முகர்ந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டியது. அப்புறம் ஒன்றையும் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டது. ஜோசஃபின் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அன்று ராத்திரி பவுலினிடம், உன் தம்பியை அந்த ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் ஃபேக்ஸ் வந்தது. எலும்பு சரி, முடி சரி, பேன்ட் பிரமாதம். ஆனால் எதுவோ தப்பு. தபால்காரர் எதையோ திருடிவிட்டு வருகிறவர் மாதிரி இருக்கிறார். என்னவென்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு ஊரில் கொடுத்துக்கொள்கிறோம்.

நானும் ஜோசஃபினும் ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். நானே எழுந்து நின்று கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தேன். அவளும் நடந்தாள். அச்சு அசலாக ஆடு நடப்பது போலவேதான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல அங்கிள்" என்றாள். என்னைக் கூட்டி வந்தது அவள். நான் பென்சிலை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியை ஆடு தின்றது.

முதலாளி வந்து பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். நிறுத்தச் சொன்னார்.

"வாசல் வந்தா ஏன் இவன் தலையைக் குனிஞ்சுக்கறான்?"

நானும் ஜோசஃபினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வாசல்ல குனியாம எப்படி சார் உள்ள போறது?" என்றாள் அவள்.

முதலாளி கதவருகே போனார். நிமிர்ந்தபடி வெளியே போனார், நிமிர்ந்தபடி உள்ளே வந்தார். இந்த ஆள் மண்டையை இடித்துக்கொள்ளப் போகிறார் என்று இரண்டு முறையும் என் கை என் தலைக்குப் போயிற்று.

சுரங்கத்தில் தலை நிமிர்ந்தவன் தலை கல்லில் இடிக்கும். மேலே வந்தால், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டு வாசல், வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ குள்ளனுக்கு அளவெடுத்து வைத்தது. குனிந்துதான் போவோம், குனிந்துதான் வருவோம். எங்கள் ஊரில் மணப்பெண், பிணம், பாதிரியார் எல்லோரும் அப்படித்தான் வாசலைத் தாண்டுவார்கள். நான் வரைந்த மூன்று ராஜாக்கள்கூடக் குடிலுக்குள் அப்படித்தான் நுழைந்தார்கள். பக்தி என்று ஊரே பாராட்டியது. அப்படியானால் ஆடு ஏன் தின்னவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். திரும்பிப் பார்த்தால், அது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஒட்டகம் போகிற உயரத்துக்கு இருந்த அந்தக் கதவருகே வந்ததும், எங்களைப் போலவே, கொம்பைத் தாழ்த்திக் குனிந்து தாண்டியது. இத்தனை நாள் எங்களோடு பழகிக் கெட்டுப்போயிருந்தது.

நிமிர்த்தி வரைவது பெரிய காரியமா என்று உட்கார்ந்தேன். கேட் வரை நன்றாக நடந்தது. படியில் ஏறியது. வாசல் பக்கம் வந்ததும் என் கை தானாக அதன் கழுத்தை மடக்கியது. அழித்தேன். மறுபடி மடங்கியது. வாசலை உயர்த்திப் பார்த்தேன். உயரமான வாசலிலும் குனிந்தது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் தாள் எல்லாம் ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் கிழிந்துவிட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்து நடக்கும் ஒரு பிராணியை என்னால் மனசாட்சியோடு வரைய முடியவில்லை. இருதயராஜ் போன் செய்தான். நான் எடுக்கவில்லை. குஷனுக்கு உறை போட்டிருப்பான்.

இளங்கோவன்தான் என் மேஜையருகே வந்து, பின்னால் இருக்கும் வீடு, கேட், வாசல் வரைந்திருந்த தாளை மட்டும் உருவி எடுத்தான். எங்கள் வேலையில் ஆள் ஒரு தாளில், இடம் வேறு தாளில். ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் படம் பிடிப்பது வழக்கம்.

"மைதானத்துல நடக்கட்டும் அங்கிள். வாசலை நான் அப்புறமா சொருகிக்கறேன். எங்க வைக்கப் போறேன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

ஜோசஃபின், வீடு வரைந்த தாள் ஒன்றுகூட என் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வெற்றுத் தாளில், போகிற இடம் எதுவும் இல்லாத ஆட்டை நடக்கவிட்டேன். எங்கே கதவு வருமோ என்று ஒவ்வோர் அடிக்கும் பிடரி கூசியது. ஆனால் ஆடு நிமிர்ந்து, தாடியைக் காற்றில் விட்டு, பேன்ட் மடிப்பு கலையாமல் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை இளங்கோவன் வாசல்களைச் செருகினான். ஓட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அசல் ஆடு மட்டும் அதைப் பார்த்துவிட்டு, படத்தில் வாசல் வந்தபோதெல்லாம் தன் தலையைக் குனிந்துகொண்டது.

பாஸ் என்று ஃபேக்ஸ் வந்தது. தொடர் வெளிநாட்டில் ஓடியது. பெயர்கள் வரும் இடத்தில் ஆட்டின் பெயர் முதலிலும் என் பெயர் அதற்குக் கீழேயும் வந்ததாக ஜோசஃபின் சொன்னாள். வேலை நிரந்தரமாயிற்று. அந்த ஸ்டூலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை.

இருதயராஜின் மாவு மில்லில் நான் சேர்ந்தது தொண்ணூறாம் வருஷம், அந்த ஆடு மாடிப்படி ஏறுவதற்கு ஒன்பது வருஷம் முன்னால். இதை எழுதுகிற இன்றுவரை இந்த ஸ்டூலிலிருந்து ஒரு நாள்கூட நான் லீவு எடுத்ததில்லை.